வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழக்கூடாது என்பார்கள். அங்குசத்தை ஒருமுறை வாங்கினாற் போதும். தீனியோ நாள்தோறும் வேண்டும். மோட்டார் வாகனத்தின் நிலையும் அதுவே. வாங்கும் நாளில் கொடுப்பது ஒரு விலை. வைத்திருக்கும் காலமெல்லாம் சிறிது சிறிதாகக் கொடுத்து வருவது மற்றொரு விலை. முதலாவதைப் பேரம் பேசிக் குறைப்போர் பலர். இரண்டாவதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இலங்கைக் குடும்பங்களுக்கு இவ்வெண்ணம் இன்று மிக அவசியமானது. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை பெரிதும் ஏறிற்று. எனவே, பத்தாண்டு ஓடிய வாகனத்தைக்கூடச் சேமிப்பு முழுவதையும் கொட்டி, மேலதிகமாகக் கடனும் பெற்று வாங்கும் நிலை உண்டாயிற்று. அத்தகைய வாகனம் ஆறு மாதத்தில் பழுதடைந்து கராஜில் நின்றால், தவணைப் பணமும் திருத்தச் செலவும் ஒருங்கே அக்குடும்பத்தின் தலையில் விழும்.

கொழும்பில் வேலை பார்த்து, ஆண்டில் இரண்டு மூன்று முறை நானூறு கிலோமீற்றர் கடந்து யாழ்ப்பாணம் சென்றுவரும் ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்வோம். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், ஒரு பாட்டி. அவர்கள் முன் இரண்டு வாகனங்கள் நிற்கின்றன: ஒன்று ஹொண்டா வெசல், மற்றொன்று ரொயோட்டா சீ.எச்.ஆர். இரண்டும் பெற்றோலுடன் மின்சாரத்தையும் கொண்டு இயங்கும் ஹைபிரிட் வகை. இரண்டும் யப்பானிலிருந்து வந்தவை. எதைக் கொள்வது?

வெசல் 2013 ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானில் வெளிவந்தது. அதன் முதற்றலைமுறை ஹைபிரிட்டில் ஒன்றரை லீற்றர் எஞ்சினும், ஏழு கியர்களும், இரட்டைக் கிளச்சும் உள்ளன. நெடுஞ்சாலையில் இவ்வமைப்பு விரைவும் சிக்கனமும் தரும். ஆனால் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போதும், மலைச்சரிவில் நின்று நின்று ஏறும்போதும் கிளச் உரசிச் சூடேறும், சூடேறினால் தேயும். இந்தக் கியர் அமைப்பின் கட்டுப்பாட்டு முறையைத் திருத்துவதற்காக 2014 இல் யப்பானில் வாகனங்கள் ஒரு முறைக்கு மேல் திருப்பி அழைக்கப்பட்டன. 2021 இல் வந்த இரண்டாந் தலைமுறையில் இரட்டைக் கிளச் கைவிடப்பட்டு, வேறு ஹைபிரிட் முறை இடம்பெற்றது.

சீ.எச்.ஆர். 2016 டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் ஹைபிரிட் வகையில் 1.8 லீற்றர் எஞ்சின் உண்டு. எஞ்சினின் ஆற்றலையும் மின்மோட்டாரின் ஆற்றலையும் கோள்வடிவப் பற்சக்கரத் தொகுதி ஒன்று இணைக்கின்றது. ஓட்டத்தில் மாறிமாறி உரசும் கிளச் அங்கே இல்லை. 1997 இல் பிரியஸ் வாகனத்துடன் தொடங்கிப் படிப்படியாகச் சீர்செய்யப்பட்ட முறை அது. எனினும் அதே பெயரில் 1.2 லீற்றர் டர்போ வகையும் உண்டு. அதற்கு மின்மோட்டாரும் இல்லை, அதே பற்சக்கர முறையும் இல்லை. ஆதலால் பெயரை மட்டும் கேட்டு வாங்குவது பேதைமை. பெயருக்குள் இருக்கும் பொறியைக் கேட்டறிதல் வேண்டும்.

எரிபொருளின் கணக்கையும் பார்ப்போம். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடுவதாகக் கொள்வோம். லீற்றருக்குப் பதினைந்து கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு 800 லீற்றர் வேண்டும். பதினெட்டு ஓடுவதற்கு ஏறத்தாழ 667 லீற்றர். வேறுபாடு 133 லீற்றர். கணக்கிற்காக லீற்றர் 300 ரூபா என வைத்தால், ஆண்டில் ஏறக்குறைய 40,000 ரூபா. ஐந்தாண்டில் இரண்டு இலட்சம். மூன்று கிலோமீற்றர் வேறுபாட்டை எண்ணி மகிழ்ந்தவர், ஒரு கியர்ப்பெட்டியோ ஹைபிரிட் பற்றரியோ பழுதாகும் நாளில் அந்த இலாபம் முழுவதையும் இழக்கக்கூடும். வெப்பம் பற்றரியை முதுமையாக்கும். அதனைக் குளிர்விக்கும் காற்றுவழி தூசியால் அடைபட்டால் முதுமை இன்னும் விரைந்து வரும்.

வெசலின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதன் எரிபொருட் தாங்கி முன்னாசனங்களின் கீழ் அமைந்திருப்பதால் பின்புறம் விசாலமானது. பாட்டியும் பிள்ளைகளும் நெடுந்தூரம் இருந்து செல்வதற்கு அதுவே வசதி. சீ.எச்.ஆரின் பின்னாசனமோ ஒடுக்கமானது, சன்னலும் சிறியது. நாட்டில் வெசல்கள் மிகுதியாக ஓடுவதனால் உதிரிப்பாகங்களும், அவற்றைப் பழகிய கைவினைஞரும் எளிதில் கிடைப்பர்.

எனவே நகர நெரிசலிலேயே பெரும்பாலும் ஓடும் குடும்பத்துக்கு, நம்பகத்தை நோக்கின் சீ.எச்.ஆர். ஹைபிரிட்டே முற்படும். இடவசதியே முதன்மை என்போர் வெசலைக் கொள்ளலாம். ஆனால் கிளச்சுக்கும் பற்றரிக்கும் என ஒரு தொகையைத் தனியே ஒதுக்கியபின் கொள்ளல் வேண்டும். எதுவாயினும், யப்பானிய ஏல அறிக்கையைப் பார்த்தல், அடிச்சட்ட எண்ணைக் கொண்டு திருப்பி அழைப்புத் திருத்தங்கள் நிறைவேறினவா என விசாரித்தல், பராமரிப்புப் பதிவேட்டை வாசித்தல், தமக்குத் தெரிந்த கைவினைஞரைக் கொண்டு கணினிச் சோதனை நடத்துதல், குளிர்ந்த எஞ்சினை முடுக்கி ஏற்றத்திலும் நெரிசலிலும் ஓட்டிப் பார்த்தல் ஆகிய ஐந்தும் தவறலாகாது.

நன்கு பேணப்பட்ட வெசல், பேணாத சீ.எச்.ஆரினும் மேலானது. வண்டியின் பெயர் வாசலில் நிற்கும்வரைதான் பேசும். அது பேணப்பட்ட வரலாறோ ஐந்தாண்டும் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் பேசிக்கொண்டிருக்கும்.