விமானத்தோடு இணையும் அதிவேக இரயில்

புதிதாக அமைக்கப்பட்ட இருப்புப்பாதையில் மணிக்கு 250 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுவதை அதிவேக இரயில் என்று வகைப்படுத்துவர். விமானத்தின் போட்டியாளராகவே பெரிதும் பேசப்படும் இவ்வூர்தி, ஐரோப்பாவில் விமானப் பயணத்தின் ஓர் உறுப்பாகவும் வளர்ந்திருப்பது கூடுதல் கவனத்துக்குரியது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் தொலைதூர இரயில்களுக்கெனத் தனி நிலையம் 1999இல் திறக்கப்பட்டது. 2002இல் கொலோன் நகருக்கு மணிக்கு 300 கி.மீ. வேகத்துக்குரிய பாதை அமைந்ததும், ஏறத்தாழ 180 கி.மீ. தொலைவு ஒரு மணி நேர அளவில் அடங்கியது. லுஃப்தான்சா நிறுவனம் இரயிலுக்கே தன் விமான எண்ணை அளித்து, இவ்விரு நகரங்களுக்கிடையே தான் இயக்கிவந்த விமானங்களைப் பின்னர் நிறுத்திவிட்டது. இரயிலும் விமானமும் ஒரே பயணச்சீட்டில் அடங்குவதால், இரயில் தாமதமாகி விமானம் தவறினால் மாற்று விமானத்துக்கு நிறுவனமே ஏற்பாடு செய்கிறது. இந்த உறுதியே இணைப்பின் உயிர்நாடி எனலாம்.

இவ்வேகங்களைக் குறிக்கையில் அலகுப் பிழைகள் மலிகின்றன. கிலோமீட்டர் தொலைவின் அலகாதலால் '300 கிலோமீட்டர் வேகம்' என்பது பொருள் நிரம்பாத தொடர். 'மணிக்கு' என்னும் சொல் சேர்ந்தால்தான் அது வேகமாகும். மாறாக, விமானத்துறையில் வழங்கும் நாட் என்பதே வேக அலகு: ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கி.மீ.; ஆகவே 'மணிக்கு 450 நாட்' என்பது தவறு, '450 நாட்' என்பதே சரி, அது மணிக்கு ஏறத்தாழ 833 கி.மீ. ஆகும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் எண்ணை 3.6ஆல் வகுத்தால், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்னும் கணக்கு கிடைக்கும். மணிக்கு 300 கி.மீ. என்பது வினாடிக்கு 83 மீட்டருக்குச் சற்று மேல்; அவ்வேகத்தில் பாதையோர விளக்குகளை நம்பி ஓட்ட இயலாது என்பதனாலேயே சைகைகள் ஓட்டுநர் அறைக்குள் காட்டப்படுகின்றன.

உச்ச வேகமும் சராசரி வேகமும் வேறு என்பதையும் மறத்தலாகாது. ஷாங்காய் நகரின் புடோங் விமான நிலையத்துக்குச் செல்லும் காந்த மிதவை இரயில், மணிக்கு 431 கி.மீ. வரை எட்டிய காலத்தில், 30 கி.மீ. தொலைவை ஏறத்தாழ ஏழரை நிமிடத்தில் கடந்தது. சராசரியோ மணிக்கு 240 கி.மீ. அளவே. மேலும், அதன் மறுமுனை நகர மையத்தில் இல்லாமையால் பயணி மெட்ரோவுக்கு மாற வேண்டியுள்ளது. விமானப் பயணியின் தேவையை அளவுகோலாகக் கொண்டால், உச்ச வேகத்தில் குறைந்த கொலோன்–பிராங்க்பர்ட் பாதையே சிறந்த இணைப்பாகும்.