பேர்க் கணக்கும் அட்சரகணிதமும்

கணிதம் என்றவுடன் முகஞ் சுளிக்கும் மாணவர் எக்காலத்தும் உளர். நாமும் இக்கல்லூரியின் கடைசி வாங்கிலிருந்து அவ்வாறு சுளித்தவர்களே. ஆயினும், விழா மலரில் எளிய கணக்குகளைப் படிப்படியாகச் செய்யும் முறையை எழுத முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலி-எல ஆகிய இடங்களின் தோட்டங்களிலிருந்து பதுளைக்குக் கற்க வரும் பிள்ளைகளுக்குக் கணிதம் பரீட்சைப் பாடம் மட்டுமன்று, வீட்டுக்குக் காவலுமாகும்.

தோட்டத்தில் வேலையை மேற்பார்த்தவருக்குக் 'கணக்கப்பிள்ளை' என்று பெயர் வழங்கியமை சிந்திக்கத்தக்கது. கணக்கு ஒருவர் கையில் இருந்தது. உழைப்பு மற்றவர் கையில் இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் ஆளை விடுவிக்கலாம் என எழுதிய சீட்டே 'துண்டு' எனப்பட்டது. அத்துண்டில் எழுதிய தொகை சரியோ பிழையோ எனத் தாமே கூட்டிப் பார்க்க அறிந்தவர் மிகச் சிலரே. துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிந்தது. கணக்கறியாமையோ சட்டத்தால் ஒழிவதன்று, கல்வியாலேயே ஒழியும்.

நிற்க. ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் அறிஞர், சமன்பாடுகளைத் தீர்க்கும் முறைகளை ஒரு நூலாக வகுத்தார். அந்நூற் பெயரில் உள்ள 'அல்-ஜபர்' என்னும் சொல்லிலிருந்தே மேனாட்டார் அட்சரகணிதத்துக்கு வழங்கும் பெயர் பிறந்தது. குறைந்ததை மீள நிறைவித்தல் என்பது அதன் பொருள். இதனை விளக்கத் தராசு ஒன்றே போதும். ஒரு தட்டில் எதனைக் கூட்டினாலும் குறைத்தாலும், மறு தட்டிலும் அதனையே செய்தல் வேண்டும். அன்றேல் முள் சாயும். அட்சரகணிதத்தின் முழு நீதியும் இதுவே.

இனி ஒரு கணக்கைச் செய்வோம். 2021ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம், அடிப்படை 900 ரூபாவும் கொடுப்பனவு 100 ரூபாவுமாக 1,000 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் அது உயர்ந்துவிட்டபோதிலும், எளிய எண்ணாகையால் அதனையே கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி செலுத்துவது சம்பளத்தில் 8 சதவீதம். ஒரு தாய்க்கு அம்மாதம் வேறு கழிவுகள் 1,600 ரூபா; கையில் வந்தது 18,640 ரூபா. அவருக்கு எத்தனை பேர் பதியப்பட்டுள்ளது? (ஒரு நாள் வேலையைத் தோட்டத்தார் 'ஒரு பேர்' என்பர்.)

முதற்படி: தெரியாததற்குப் பெயரிடுக. பேர் எண்ணிக்கை 'ய' ஆகுக.

இரண்டாம் படி: கதையைச் சமன்பாடாக்குக. சம்பளம் 1,000ய, அதில் 8 சதவீதம் 80ய. ஆகவே,
1,000ய − 80ய − 1,600 = 18,640

மூன்றாம் படி: ஒத்த உறுப்புகளைச் சேர்க்க.
920ய − 1,600 = 18,640

நான்காம் படி: இரு புறமும் 1,600ஐக் கூட்டுக.
920ய = 20,240

ஐந்தாம் படி: இரு புறமும் 920ஆல் வகுக்க.
ய = 22

ஆறாம் படி, பலரும் கைவிடும் படி: விடையைச் சரிபார்க்க. 22 நாட் சம்பளம் 22,000. அதில் 1,760ஐயும் 1,600ஐயும் கழித்தால் 18,640. சரி.

அத்தாயோ தாம் வேலைக்குச் சென்ற நாட்கள் 23 எனக் குறித்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். 23 நாளுக்குக் கையில் வரவேண்டியது 19,560 ரூபா. வேறுபாடு 920, சரியாக ஒரு பேர். பிழை எவர் கையிலும் நேரலாம். தாயின் குறிப்பிலும் நேர்ந்திருக்கலாம். ஆனால் "சம்பளம் குறைகிறது" என்று வருந்துவது வேறு. "ஒரு பேர் விடுபட்டதுபோல் தெரிகிறது, தயவுசெய்து பாருங்கள்" என்று தாளைக் காட்டுவது வேறு. முன்னதற்கு மறுமொழி கிடைப்பது அரிது. பின்னதைத் தட்டிக்கழிப்பது அரிது.

அடைப்புக்குறியில் இடறும் மாணவர்க்கு இன்னொன்று. நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்துக்கு 1,000 ரூபா, மேலதிகக் கிலோ ஒவ்வொன்றுக்கும் 40 ரூபா என்க. ஒருவர் 1,240 ரூபா பெற்றால் பறித்த கொழுந்து எவ்வளவு?
1,000 + 40(ய − 18) = 1,240
40(ய − 18) = 240
ய − 18 = 6
ய = 24

சிலர் அடைப்பை நீக்குங்கால் 40ய − 18 என எழுதிவிடுவர். அப்போது விடை 6.45 கிலோ என வரும். மேலதிகச் சம்பளம் பெற்றவர் 18 கிலோவிற்குக் குறைவாகப் பறித்திருப்பாரோ? கொழுந்து மடுவத்தைக் கண்ட பிள்ளை இவ்விடையைக் கண்டு நகைக்க வேண்டும். நகைத்து, திரும்பிச் சென்று, 18ஐயும் 40ஆற் பெருக்க வேண்டும் என உணர வேண்டும். விடை உலகோடு பொருந்துகின்றதா எனக் கேட்பதும் கணிதமே.

மாணவர்காள்! படிகளைத் தாண்டி விடைக்குப் பாயாதீர். ஒவ்வொரு படியையும் எழுதுக, எழுதியதைச் சரிபார்க்க. பழைய மாணவராகிய நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. விடுமுறையில் ஊர் செல்லும்போது, லயத்து வாசலில் ஒரு பிள்ளையை அருகிருத்தி, வீட்டுச் சம்பளச் சீட்டை அவன் கையிற் கொடுத்து, "இதில் 'ய' எது?" என்று கேட்போமாக. அப்பிள்ளை தானே கண்டு கூறும் விடையே இவ்விழாவிற்கு நாம் அளிக்கத்தக்க நற்காணிக்கையாகும்.