பொருளாதாரம் படிப்பித்தவர் எழுதிய மொன்றியல் சரித்திரம்

மக்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எம்மவர் பிள்ளைகளிடம் லீகொக் கட்டடம் எங்கே என்று கேட்டால் உடனே காட்டுவார்கள். அந்த லீகொக் யார் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஸ்ரீபன் லீகொக் 1869இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆறு வயதில், 1876இல், குடும்பத்தோடு இங்கு வந்தார். அவரும் வந்து குடியேறியவர்தான். ஒன்ராறியோவில் சிம்கோ ஏரிக்குக் கிட்டக் கமம் செய்தார்கள். தகப்பனுக்குக் கமம் சரிவரவில்லை. 1887இல் அவர் குடும்பத்தை விட்டே போய்விட, பதினொரு பிள்ளைகளோடு தாய் தனித்து நின்றார். லீகொக் மூன்றாவது பிள்ளை. பல்கலைக்கழகத்தில் ஒரு வருடத்தோடு காசு முடிந்து, வாத்தியார் வேலைக்குப் போனார். வேலை செய்துகொண்டே படித்து 1891இல் பட்டம் எடுத்தார். பகலில் பக்ரறி, இரவில் பிரெஞ்சு வகுப்பு என்று ஓடும் எங்கள் ஆட்களுக்கு இந்தப் பாடு விளங்கும்.

பிறகு சிக்காகோவில் பொருளாதாரம் படித்து 1903இல் கலாநிதியானார். மக்கிலில் 1908 முதல் 1936 வரை பொருளாதார, அரசியல் துறைத் தலைவர். 1906இல் எழுதிய அரசியல் பாடப்புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. 1910இல் நகைச்சுவைக் கதைகளைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதனால் பேராசிரியர் என்ற மதிப்புக் கெடுமென்று நண்பர் ஒருவர் தடுத்தாராம். நடந்ததோ மறுவளம். உலகம் முழுக்கப் பெயர் வந்தது.

எனக்குப் பிடித்தது 1920இல் வந்த சமூகநீதி பற்றிய சிறிய நூல். இயந்திரங்கள் வந்து உற்பத்தி இவ்வளவு பெருகியும் ஏன் வறுமை போகவில்லை என்று அதில் கேட்கிறார். சோசலிசத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் வேலையில்லாதவனுக்கு வேலை, முதியோருக்கும் நோயாளிக்கும் ஆதரவு, பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் படிக்க வாய்ப்பு, இவற்றை அரசாங்கம் கவனிக்க வேண்டும் என்கிறார். வேலையில்லாக் காப்புறுதி கனடாவில் சட்டமானது 1940இல்தான்.

சரித்திரமும் நிறைய எழுதினார். 1941இல் சீகிராம் மதுபானக் கம்பனி கேட்டுக் கனடா வரலாறு ஒன்றை எழுதினார். அக்கம்பனியின் முதலாளி சாமுவேல் புறொன்ஃமன், புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பத்தவர். 1942இல் மொன்றியலுக்கு 300 வயது நிறைந்தபோது, இந்த நகரத்தைத் துறைமுகமாகப் பார்த்து எழுதிய நூல் வந்தது. ஏன் நகரம் இந்த இடத்தில் வந்தது? லஷீன் நீர்ப்பாய்ச்சலுக்கு மேலே கப்பல் போகாது. சாமானை இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்கும் இடத்தில் கூலி, களஞ்சியம், கடை எல்லாம் வரும். தோல் வியாபாரிகளின் வள்ளங்கள் லஷீனிலிருந்து மேற்கே போயின. 1825இல் கால்வாய் திறந்தபின் அதன் கரையில் தொழிற்சாலைகள் முளைத்தன. ராசாக்களின் பெயர்களை மட்டும் பாடமாக்கிய எனக்கு இப்படிப்பட்ட சரித்திரம் புதிது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போன கதையையும், ஊர்காவற்றுறையின் கதையையும் யாராவது இப்படி எழுதினால் எங்கள் பிள்ளைகள் விரும்பி வாசிப்பார்கள்.

ஆனால் இதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆசியாவிலிருந்து ஆட்கள் கனடாவுக்கு வருவதை லீகொக் விரும்பவில்லை. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் வருவதையும் எதிர்த்து எழுதினார். பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதையும் எதிர்த்தார். அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது போதாது. காசில்லாமல் படிப்பை விட்ட வந்தேறிப் பிள்ளை, இன்னொரு வந்தேறிக்குக் கதவைச் சாத்தச் சொன்னதை எப்படி மறப்பது? 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் பலர் வந்து சேர்ந்தது இந்த மொன்றியலுக்குத்தான். அவர் பெயர் தாங்கிய மண்டபத்தில் இன்று எம் பிள்ளைகளும் இருந்து குறிப்பு எழுதுகிறார்கள்.

வயதெல்லை காட்டி 1936இல் பல்கலைக்கழகம் அவரை ஓய்வுபெற வைத்தது. அவருக்கு அது பெரிய மனத்தாங்கல். 1944இல் தொண்டைப் புற்றுநோயால் காலமானார்.

வாசிக்க விரும்புபவர்கள் 1912இல் வந்த சிறு பட்டணத்துக் கதைகளில் தொடங்கலாம். ஆங்கிலம் அவ்வளவு கடினமில்லை. பெரி மெற்றோவுக்குப் பக்கத்திலுள்ள பெரிய நூலகத்தில் கேளுங்கள். கியூபெக்கில் வசிப்பவர்களுக்கு அங்கத்துவம் இலவசம். முகவரியைக் காட்டும் கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்.