ஒரே ரைஃபிள் போதுமா?

அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கம், உரிமம் பெற்று வேட்டைக்குப் போகிறவர்கள் 50 கிலோ பிராங்ஹார்னையும் சுடுவார்கள். 300 கிலோ எல்க் மானையும் சுடுவார்கள். இரண்டுக்கும் ஒரே ரைஃபிள் என்றால் எது? 1962-ல் வந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமா, 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னமா?

நண்பர்களே, கணக்குப் போடுவோம். முதலாவதில் சுமார் 10.4 கிராம் குண்டு வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போகும். இயக்க ஆற்றல் 4,200 ஜூல். அடுத்ததில் 11.7 கிராம், அதே வேகம், 4,700 ஜூல். "அப்போ பெரிசையே வாங்கிடலாமே!" என்பீர்கள். அங்கேதான் நியூட்டனின் மூன்றாம் விதி தோளில் இடிக்கிறது. உதைக்குப் பயந்து உடம்பு சிலிர்த்தால் குறி தப்பும். காயம்பட்ட மிருகம் காட்டுக்குள் ஓடித் துடித்துச் சாகும். எல்க்குக்கு 4,200 ஜூலே தாராளம். ஆகவே என் ஓட்டு 7 மி.மீ.க்குத்தான்!