கணையத்தில் கல், ரத்தத்தில் சர்க்கரை

சிறு வயதிலிருந்தே வந்து வந்து போகும் மேல்வயிற்று வலியை நம் வீடுகளில் ‘கேஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். ஓமத் தண்ணீர், சோடா என்று வருடங்கள் ஓடிவிடும். பிறகு ஒருநாள், நவி மும்பை ஐரோலியில் வேலைக்குச் சேரும்போது கம்பெனி எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனையில், இருபத்து சொச்சம் வயதில், ஒல்லியான உடம்பில் சுகர் முந்நூறைத் தாண்டி நிற்கும். வயதைப் பார்த்து டைப் 1 என்றோ, அப்பாவுக்கு இருப்பதைப் பார்த்து டைப் 2 என்றோ சீட்டில் எழுதப்படலாம். பழைய வயிற்றுவலியைப் பற்றிப் பேச்சே எழாது. ஆனால் நோயைக் காட்டிக்கொடுப்பது அந்த வலிதான்.

இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் கணையத்துக்கு இரண்டு வேலைகள். உணவைச் செரிக்கும் நொதிகளைக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புவது ஒன்று. இன்சுலினை ரத்தத்தில் கலப்பது மற்றொன்று. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மருத்துவர்கள் மெரிங், மின்கோவ்ஸ்கி இருவரும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்குச் சர்க்கரை நோய் வந்தது. மனிதரிலும் அப்படித்தான்: குடியால் கணையம் கெட்டாலும், அறுவை சிகிச்சையில் அதை எடுத்தாலும், புற்று அரித்தாலும் சர்க்கரை ஏறும். மருத்துவர்கள் இதை டைப் 3சி என்கிறார்கள்.

தென்னிந்தியாவில் குடிக்கே சம்பந்தமில்லாத ஒரு வகை உண்டு. கணையக் குழாயில் கால்சியம் கற்கள் திரண்டு, சதை இறுகி நாராகி, கடைசியில் சர்க்கரை நோயில் முடியும். 1959-இல் இந்தோனேசியாவிலிருந்து மருத்துவர் சூயிடெமா இதை விவரித்தார். கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்தார். 1968-இல் வெளிவந்த அவருடைய நூலை அச்சிட்டது நம் பம்பாய்ப் பதிப்பகமான பாப்புலர் பிரகாஷன். குழந்தைப் பருவத்தில் வலி, வளரும் பருவத்தில் சர்க்கரை, வாழவேண்டிய வயதில் சாவு என்பதே அன்றைய நிலை.

மரவள்ளிக் கிழங்கில் உள்ள சயனைடுதான் காரணம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. அது நிரூபணமாகவில்லை, மரவள்ளியே சாப்பிடாதவர்களுக்கும் வருகிறது. கணையத்துக்குள்ளேயே நொதிகள் விழித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஸ்பிங்க்1 மரபணுவில் பிழை இருப்பதை இந்திய, வங்கதேச நோயாளிகள் பலரிடம் பின்னர் கண்டார்கள். 2025-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அங்கீகரித்த டைப் 5, ஊட்டக்குறைவால் வருவது. கணையக் கல்லோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நோய் இன்னதென்று சரியாகத் தெரிந்தால் என்ன லாபம்? பெரிய லாபம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது, சேமிப்பை வெளியே விடும்படி கல்லீரலுக்குச் சொல்லும் குளுக்கோகானும் கணையத்தில்தான் சுரக்கிறது. கணையக் கல் நோயில் அதுவும் குறைந்துபோகும். ஆகவே லோ சுகர் வந்தால் உடம்பு தானாக மீண்டு எழுவது கடினம். ஐரோலி மைண்ட்ஸ்பேஸ் அலுவலக வளாகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர் இன்சுலின் போட்டுவிட்டு, போன் கால் முடியவில்லை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் மயங்கி விழலாம். முலுண்ட் பாலத்து நெரிசலில் பைக்கில் மாட்டிக்கொண்டால் இன்னும் ஆபத்து. சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது செரிமானம். மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்தால் கொழுப்பு உடம்பில் சேரவில்லை என்று பொருள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதோடு வீணாகும், எலும்பு தேயும். இதற்கு நொதி கேப்சூல்கள் உண்டு. சாப்பாட்டின் முதல் கவளத்தோடும் நடுவிலும் விழுங்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் போட்டால் பெரிய பயன் இல்லை. இன்சுலினை மட்டும் எழுதிக்கொடுத்து இதை விட்டுவிடுவது அரைகுறை வைத்தியம் என்றே சொல்வேன். கேப்சூல் வேலை செய்ய ஆரம்பித்து, சோறு ஒழுங்காகச் செரித்தால் சர்க்கரை கூடும். இன்சுலின் அளவை மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். புகையும் மதுவும் அறவே கூடாது. இந்நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். அடங்கியிருந்த வலி திரும்பினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

கீவர்கீஸ் காலத்து இருள் இப்போது இல்லை. சென்னையில் மருத்துவர் மோகன் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வயிற்றுவலி வந்து 35 ஆண்டுகள் கழித்தும் இந்நோயாளிகளில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

வயிற்றுவலியும் சர்க்கரையும் சேர்ந்துள்ள ஒல்லியான இளைஞர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் அந்த வலியின் கதையை முதலில் சொல்லுங்கள். வயிற்றுக்கு ஓர் எக்ஸ்ரே, ஒரு ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள். கணையத்தில் கல் இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.