கைமாறிய தோட்டங்களும் கைக்கு வராத உறுதியும்

ஊவா மலைச்சரிவுகளின் உரிமை பலமுறை கைமாறியிருக்கிறது. அம்மண்ணில் உழைத்தவர்களை ஒருமுறையேனும் யாரும் கேட்கவில்லை.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் இல்லாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை எனக் கொண்டது. பரம்பரையாகச் சேனைப் பயிர் செய்துவந்த சிங்களக் கிராமத்தவர் பலரிடம் எழுத்தில் உறுதி இருக்கவில்லை. மலைக்காணிகள் கோப்பித் துரைமார் வசமாயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் அவற்றைத் தோட்டங்களாக்கினர். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையில் தம்பேதன்னத் தோட்டத்தை வாங்கினார்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. நிலம் இன்னும் அரசுடையதே. கம்பனிகளிடம் இருப்பது 2045 வரையான 53 ஆண்டுக் குத்தகை மட்டுமே.

கட்டடங்களும் கைமாறின. தோட்டப் பாடசாலைகளை 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு பொறுப்பேற்றது. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த அடிஷாம் பங்களா, இன்று புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாகும். பங்களாவுக்கு உறுதி இருந்ததால் அதை விற்கவும் வாங்கவும் முடிந்தது. லயத்து அறையோ தலைமுறைகளாகக் குடியிருந்தவருக்கும் சொந்தமாகவில்லை. வேலையோடு வந்த அறை, வேலையோடு போகக்கூடியதாகவே இருந்தது.

இதன் விலை என்ன என்பதை 2014 அக்டோபர் 29 காட்டியது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண்சரிவு மூடியது. அங்கு ஆபத்து உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் சொந்தக் காணி இல்லாதவர் எங்கே போவார்?

இடம்பெயர்ந்து புதிய இடம் பெறும் குடும்பங்கள், வீட்டுச் சாவியை வாங்கும்போதே சில கேள்விகளைக் கேட்க வேண்டும். தரப்படுவது உறுதியா, அனுமதிப்பத்திரமா, வெறும் கடிதமா? நில அளவைப் படம் உண்டா? காணிப் பதிவகத்தில் பதியப்பட்டுள்ளதா? மனைவியின் பெயரும் அதில் இருக்கிறதா? பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை வேறோர் இடத்திலும் வைத்திருங்கள். வெள்ளமும் மண்ணும் முதலில் கொண்டுபோவது காகிதங்களைத்தான். தனியாகக் கேட்பவருக்குக் கிடைக்காத பதில், பத்துக் குடும்பங்கள் சேர்ந்து எழுத்தில் கேட்டால் கிடைக்கலாம்.

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாளில் இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்தில் ஒரு நிலம் வாங்கினார். பதினேழு வெள்ளிக்காசை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரத்தை முத்திரையிட்டு, நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். ஊரே பறிபோகும் வேளையிலும் அவர் பத்திரத்தைச் சிறிய காரியமாக எண்ணவில்லை. நாமும் எண்ணலாகாது.