கடன் அட்டையும் தவணை நாளும்

அண்மையில் ஆனைக்குட்டம் சென்றிருந்தபோது, மக்காச்சோளம் பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் ஒரு படிவத்தை நம்மிடம் நீட்டினார். வங்கி முகவர் ஒருவர் கொடுத்துச் சென்ற கடன் அட்டை விண்ணப்பம் அது. "கையெழுத்துப் போட்டால் போதுமாம் சார். விதைப்புச் செலவுக்கு நாற்பதாயிரம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வாங்கலாமா?" என்று கேட்டார். இவ்வினா அவர் ஒருவருடையது அன்று. ஆகவே, இதற்கான விடையை அங்கத்தினர் யாவருக்கும் விளக்குவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

கடன் அட்டை என்பது வருமானம் அன்று. முன்கூட்டிப் பெறும் கடனேயாகும். எனவே, அட்டையைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எவ்வளவு தருவார்கள்?" என்பதன்று, "என்றைக்குத் திருப்பிக் கேட்பார்கள்?" என்பதே.

வங்கிகள் வழங்கும் சாதாரணக் கடன் அட்டை, மாதந்தோறும் சம்பளம் பெறுவோருக்குப் பொருந்துவது. பொருள் வாங்கிய கணக்கைக் குறித்த நாளுக்குள் முழுவதும் செலுத்தினால் வட்டி இல்லை. சிறு பகுதி மட்டும் செலுத்தினால், மீதிக்கு வட்டி ஏறும். மாதம் 3.5 விழுக்காடு என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். 12 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 42 விழுக்காடு. அட்டையைக் கொண்டு பணமாக எடுத்தாலோ, எடுத்த நாளிலிருந்தே வட்டி உண்டு. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

உழவரின் வருமானமோ மாதந்தோறும் வருவதில்லை. ஆனைக்குட்டம் பக்கத்துக் கரிசல் நிலங்களில் பல, வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கி நிற்பவை. அறுத்து விற்ற பின்னரே கையில் காசு. பட்டாசு ஆலைக் கூலியும் தீபாவளிக்குப் பின் குறைந்துவிடுகிறது. மாதத் தவணையை எதனைக் கொண்டு கட்டுவது?

அந்த அங்கத்தினருக்கு நாம் போட்டுக் காட்டிய கணக்கு இது. ரூ.40,000 கடன் ஆறு மாதம் நிலுவையில் நின்றால், மேற்கண்ட விகிதப்படி வட்டி ரூ.8,400. அவ்வட்டியின் மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி ரூ.1,512. ஆக ரூ.9,912. வட்டிக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் இதில் சேரவில்லை. அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

உழவரின் பருவத்துக்கென்றே அமைந்த அட்டை வேறொன்று உண்டு. அதுவே 1998இல் மத்திய அரசு கொண்டு வந்த கிசான் கிரெடிட் கார்டு, அதாவது உழவர் கடன் அட்டை. இதன் தவணை, பயிரின் அறுவடையையும் விற்பனையையும் ஒட்டி அமைவது. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் பெறும் பயிர்க்கடனை உரிய நாளுக்குள் செலுத்தினால், அங்கத்தினருக்கு வட்டியே இல்லை. அதனை அரசு ஏற்கிறது. தவணை தவறினால் இச்சலுகை போய்விடும் என்பதை மறத்தலாகாது.

கடன் அளவு எங்ஙனம் கணிக்கப்படுகிறது? பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என மாவட்டந்தோறும் ஆண்டுதோறும் ஒரு கடன் அளவு வகுக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, அது ரூ.30,000 எனக் கொள்வோம். இரண்டு ஏக்கருக்கு ரூ.60,000. அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் வீட்டுத் தேவைக்கும் 10 விழுக்காடு, ரூ.6,000. பண்ணைக் கருவிகளின் பராமரிப்புக்கு 20 விழுக்காடு, ரூ.12,000. ஆக ரூ.78,000. பயிர்க் காப்பீட்டுத் தொகை தனி. வரம்பு இவ்வளவு என்பதால் அவ்வளவையும் எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. விரலுக்குத் தக்க வீக்கமே நன்று.

விண்ணப்பிக்க விரும்புவோர் முதலில் தம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அங்கத்தினராதல் வேண்டும். சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார் அட்டை, குடும்ப அட்டை, புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைச் சேகரித்துக்கொள்க. 2025 ஜனவரி முதல் ரூ.2 லட்சம் வரையிலான வேளாண் கடனுக்கு ஈடு கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரே நிலத்தைக் காட்டி இரண்டு இடங்களில் பயிர்க்கடன் வாங்குதல் ஒருபோதும் கூடாது.

நெசவாளர் நிலை சற்று வேறு. கூலி அடிக்கடி வரினும், நூல் வாங்க ஒருசேரப் பணம் வேண்டியிருக்கிறது. அத்தகையோர் வங்கி அட்டையில் பணம் எடுக்குமுன், தம் நெசவாளர் சங்கத்தில் கைத்தறிக்கான சலுகைக் கடன்களை விசாரித்தறிவது நலம்.

மாதச் சம்பளமுள்ள குடும்பத்தினர் சாதாரண அட்டை வாங்குவதில் தவறில்லை. ஆனால், ஆண்டுக் கட்டணம், மாத வட்டி, தாமதக் கட்டணம், தவணை நாள் ஆகிய நான்கையும் எழுத்தில் பெற்றுப் படித்த பின்னரே கையொப்பமிடுக. 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, கேளாதவருக்கு அட்டை அனுப்புதல் கூடாது. நிலுவை இல்லாதவர் அட்டையை முடித்துத் தரக் கேட்டால், ஏழு வேலை நாட்களுக்குள் முடித்துத் தரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.500 வங்கியே தரவேண்டும்.

ஆனைக்குட்டத்து அங்கத்தினர் முகவரின் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடங்கல் பெறுவதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்றார். மற்ற அங்கத்தினர்களும் கையொப்பமிடுமுன் ஒருமுறை சங்கத்துக்கு வந்து செயலாளரிடம் கணக்குப் போட்டுப் பார்ப்பார்களாக. வருமானம் வரும் நாளும் கடன் கேட்கும் நாளும் ஒன்றோடொன்று பொருந்துமாயின், கடன் நமக்குத் துணை; பொருந்தாவிடின் அதுவே சுமை.